சைக்கிளை மறிக்கும் கைகள்: காவல் நிலையம் அறிந்த சட்டமும் அறியாத சட்டமும்

விடிவதற்கு முன்பே திருத்தங்கல் சாலையில் சைக்கிள்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கைப்பிடியில் தூக்குவாளி, பின்கேரியரில் மடித்த சாக்கு. பெரிய பட்டாசு ஆலைகள் தொழிலாளரை ஏற்றிச்செல்ல வேன் அனுப்புகின்றன. வேன் நுழையாத தெருவில் வசிப்பவருக்கும், சிறிய ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் கூலிக்குச் செல்பவருக்கும் இன்றும் சைக்கிளே துணை. அதே சாலையில் மாலையில் திரும்பும்போது ஒரு வளைவில் காவலர் கை நீட்டுகிறார். முதல் கேள்வி, “எந்த ஊர்?” இரண்டாவது கேள்வி, “எந்தத் தெரு?”

முதல் கேள்விக்குச் சட்டத்தில் எங்காவது ஓர் இடம் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தென்மாவட்டங்களில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

சைக்கிள் ஓட்டுபவரைப் பற்றி இந்தியச் சட்டம் மிகக் குறைவாகவே பேசுகிறது. அந்த வெற்றிடத்தைக் காவலரின் விருப்பமும் அவர் வளர்ந்த சாதியப் பார்வையும் நிரப்பிவிடுகின்றன. சைக்கிளைப் பெயர் சொல்லிப் பாதுகாக்கும் சட்டப்பிரிவு ஒன்று உண்டு. அது தலித் மக்களுக்காக இயற்றப்பட்டது. காவல் நிலையங்களில் மிகக் குறைவாக நினைவுகூரப்படும் பிரிவும் அதுவே.

மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் சாலையில் நிற்கும் காவலர் மனப்பாடமாக வைத்திருப்பது அதைத்தான். 1988ஆம் ஆண்டின் இச்சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குப் பிரிவு 2(28)இல் வரையறை தருகிறது: இயந்திர விசையால் இயங்கி, சாலையில் பயன்படுத்தத் தக்கதாக அமைந்த வாகனம். காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் இதற்குள் வராது. ஓட்டுநர் உரிமம் (பிரிவு 3), பதிவு (பிரிவு 39), தலைக்கவசம் (பிரிவு 129), ஆவணங்களைக் காட்டும் கடமை (பிரிவு 130), காப்பீடு (பிரிவு 146) ஆகிய எதுவும் சைக்கிளுக்குப் பொருந்தாது. பதிவுச் சான்று இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைத் தரும் பிரிவு 207உம் மோட்டார் வாகனத்தோடு நின்றுவிடுகிறது. மாணவர்கள் சிலர் இப்போது மின்சார சைக்கிள் வாங்குகிறார்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் பிற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் அதுவும் மோட்டார் வாகனம் ஆகாது.

சைக்கிள் ஓட்டுபவருக்குக் கடமையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281, பொதுவழியில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி ‘எந்த வாகனத்தையும்’ முரட்டுத்தனமாகவோ கவனமின்றியோ ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பொதுவழியில் இடையூறு செய்வது பிரிவு 285இன்கீழ் குற்றம். இவை இரண்டும் சைக்கிளுக்கும் பொருந்தும். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டால் வேறொரு காலத்தைச் சொல்வார்கள். உள்ளாட்சிக்கு வரி கட்டி வாங்கி வண்டியில் மாட்டிய வில்லை, டைனமோ விளக்கு எரியாததற்காக வழிமறித்தது, டபுள்ஸ் போனதற்காக வால்வு டியூபைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னது. வில்லை போய்விட்டது, டைனமோவும் ஏறக்குறைய போய்விட்டது. சைக்கிள்காரன் என்றால் கேட்க ஆளில்லாதவன் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2018இல் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் கும்பளை அருகே நடந்தது சான்று. உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அதிவேகமாக ஓட்டினார், தலைக்கவசம் அணியவில்லை என்று நெடுஞ்சாலைக் காவலர்கள் அவரை மறித்து 2,000 ரூபாய் கேட்டார்கள். இறுதியில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ரசீதில் இருந்தது ஒரு பெண்ணுக்குச் சொந்தமான ஸ்கூட்டரின் பதிவெண். சைக்கிளுக்குப் பதிவெண் கிடையாது, படிவமோ பதிவெண் இல்லாமல் நிறைவடையாது. ஆகவே எங்கிருந்தோ ஓர் எண் வந்து சேர்ந்தது. தொழிலாளர் பேசிய காணொலி பரவிய பிறகே விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்தும் ஒரு காணொலி வந்தது. பள்ளிச் சீருடையில் இருந்த சிறுவனின் சைக்கிளைக் காவலர் நிறுத்தி வைத்திருந்தார். தலைக்கவசம் அணியாததற்காக என்று ஊரெங்கும் பேசப்பட்டது. பலர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். அந்தப் பையனின் இடத்தில் நின்று பார்த்தால் சிரிக்க ஒன்றுமில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கு சைக்கிளில் ஒரு மூட்டை இருந்தால் அது சந்தேகத்துக்குரிய மூட்டை. வீடுகளில் உரிமமின்றிக் கருந்திரி தயாரிப்பதும் அதை மூட்டையாகக் கட்டி எடுத்துச் செல்வதும் நடக்கின்றன. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் பிரிவு 9பி இன்கீழ் அது குற்றம். ஓட்டு வீட்டின் திண்ணையில் குழந்தைகளுக்கு நடுவே திரி உருட்டுவதால் உயிர்கள் போகின்றன என்பதால் சோதனையே கூடாது என்று எவரும் வாதிட முடியாது. கேள்வி வேறு. கருந்திரிக்குப் பணம் போடுபவர் யார், வாங்கிக் கொள்ளும் ஆலை எது என்ற விசாரணை எத்தனை வழக்குகளில் நடக்கிறது? சாலையில் சிக்குபவர், ஒரு குரோசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு மூட்டையை மிதித்துக்கொண்டு போகும் மனிதர். அவர் காலனிக்காரராக இருந்தால், மூட்டையில் பழைய துணி இருந்தாலும் வண்டி நிலையத்துக்குப் போகிறது.

இங்கே காவலருக்கு இருக்கும் அதிகாரமும் அதன் எல்லையும் தெளிவானவை. பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35இல் இருக்கிறது. அதற்கு நியாயமான சந்தேகம் வேண்டும். தோற்றமோ தெருவின் பெயரோ அந்தச் சந்தேகம் ஆகாது. திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புடையது என்றோ ஐயம் எழும் பொருளைக் கைப்பற்றப் பிரிவு 106 இடம் தருகிறது. கைப்பற்றியதைக் குற்றவியல் நடுவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று பிரிவு 105 புதிதாகக் கட்டாயமாக்கியிருக்கிறது. “வண்டியை இங்கேயே விட்டுட்டு, நாளைக்கு உங்க ஊர்ப் பெரிய மனுசரைக் கூட்டிக்கிட்டு வா” என்பது இந்த நடைமுறைகளில் எதுவும் இல்லை. அது பறித்துக்கொள்வது. வாகனமாகவும் கூலியாகவும் இருக்கும் சைக்கிளை ஒரு நாள் இழப்பவர் அன்றைய வேலையையும் இழக்கிறார், ‘பெரிய மனுசர்’ ஒருவருக்குக் கடன்பட்டவராகவும் ஆகிறார். காவல் நிலையத்துக்கும் ஊரின் ஆதிக்கச் சாதிக்கும் இடையே உள்ள உறவு இப்படிச் சின்னச் சின்ன ‘உதவி’களால்தான் பின்னப்பட்டிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இதே சட்டத்தில் பிரிவு 172 என்ற புதிய பிரிவும் இருக்கிறது. குற்றத் தடுப்புப் பணியில் காவலர் தரும் சட்டப்படியான அறிவுறுத்தலுக்கு எவரும் இணங்க வேண்டும், மறுப்பவரைப் பிடித்து வைக்கலாம், சிறு நிகழ்வுகளில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்கிறது அது. ‘சட்டப்படியான’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை யார் விளக்குவது? சாலையோரத்தில், இரவு ஒன்பது மணிக்கு, விளக்கம் தருபவர் சீருடை அணிந்தவர் மட்டுமே.

சாலை யாருடையது என்ற கேள்வி இங்கு புதியது அன்று. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் அலுவலகத்தையும் அணுகலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. நடப்பதற்கு ஓர் அரசிதழ் அறிவிப்பு தேவைப்பட்ட நாடு இது. நடக்க உரிமை கிடைத்த தெருவில் அடுத்துச் சைக்கிள் வந்தது. ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் தலித் ஆண் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறுமுனையில் ஏறிக்கொள்ள வேண்டும் என்ற ‘கட்டுப்பாடு’ தென்மாவட்டச் சிற்றூர்களில் நீடித்ததைத் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் களஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வண்டியில் அமர்ந்திருப்பவனின் தலை திண்ணையில் அமர்ந்திருப்பவனின் தலையைவிட உயரத்தில் இருக்கிறது. ஆத்திரத்தின் அடியில் இருந்தது இந்தக் கணக்குத்தான்.

தமிழ்நாடு அரசு 2001-02இல் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் பெற்றவர்கள் மேல்நிலை வகுப்புகளில் பயின்ற ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர். பிற்பாடுதான் அது மற்ற மாணவருக்கும் விரிந்தது. அரசு வண்டியைக் கொடுத்தது. பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் தெருவைத் திறந்துவிடும் பொறுப்பு காவல்துறையிடமும் வருவாய்த்துறையிடமும் இருந்தது. அந்தப் பொறுப்பு வண்டியோடு சேர்த்து வழங்கப்படவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது அதில் சைக்கிள் என்ற சொல் இல்லை. பொதுஇடத்துக்குச் செல்லும் வழியை மறுத்தல் என்ற பொதுவான பிரிவை வைத்தே வழக்கு நடத்த வேண்டியிருந்தது. வழியை யாரும் அடைக்கவில்லை, இறங்கி நடந்து போகச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்று எதிர்த்தரப்பு வாதிட அது இடம் கொடுத்தது. இச்சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது பிரிவு 3(1)(இசட்.ஏ)(பி) சேர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவர் பொதுஇடத்தில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதை, காலணி அல்லது புத்தாடை அணிவதை, திருமண ஊர்வலம் நடத்துவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதை, அச்சமூகங்களைச் சேராத ஒருவர் எவ்வகையிலேனும் தடுத்தால் அது வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘எவ்வகையிலேனும்’ என்ற சொல் முக்கியமானது. அடி விழ வேண்டியதில்லை, இறங்கு என்று சொல்லி இறங்க வைத்தால் போதும். சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் பிரிவு 3(1)(எஸ்) தனியே சேரும்.

இப்படி ஒரு பிரிவு தேவையா என்று கேட்பவர்கள் 2025 பிப்ரவரியை நினைவுகூரலாம். சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் செய்தார்கள் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினார்கள். வண்டி மாறியிருக்கிறது, திண்ணைக் கணக்கு மாறவில்லை.

இனி இந்தப் பிரிவு காவல் நிலையத்தின் மேசைக்கு வரும்போது நடப்பதைப் பார்ப்போம். தெருவில் மறிக்கப்பட்ட இளைஞர் புகார் கொடுக்கப் போகிறார். முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அதை முதல் தகவல் அறிக்கை என்று நம்பி வீட்டுக்குத் திரும்புபவர் பலர். ‘இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவோம்’ என்பது அடுத்த கட்டம். அதையும் மீறி வழக்கு பதிவானால் முன்பு 294(பி), 323, 506(1) என்று எழுதப்பட்ட மூன்று எண்கள் இப்போது 296(பி), 115(2), 351(2) என்று உருமாறி வருகின்றன: ஆபாசமாகத் திட்டினார், கையால் தாக்கினார், மிரட்டினார். சைக்கிள் அந்த அறிக்கையில் இருந்து காணாமல் போய்விடுகிறது. இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு, எதற்காக என்பது தெரியாது. நிகழ்வின் காரணமே சைக்கிள்தான் என்பதை எழுதாவிட்டால் அது வன்கொடுமையாகத் தெரியாது. எழுதுபவருக்குப் பிரிவு தெரியாததாலும் இருக்கலாம், நன்றாகத் தெரிந்ததாலும் இருக்கலாம். அறியாமை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதைப் பார்த்தால் இரண்டாவதைத்தான் ஐயுற வேண்டியிருக்கிறது.

ஆகவே புகார் எழுதிக் கொடுக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டியது இது. சைக்கிளில் வந்தார், இன்ன இடத்தில் மறித்தார்கள், இறங்கச் சொன்ன சொற்கள் இவை, அருகில் இருந்து பார்த்தவர் இவர் என்று எழுதுங்கள். புகார்தாரரின் சாதியையும் எதிரிகளின் சாதியையும் குறிப்பிடுங்கள். பிரிவு எண்ணைப் புகாரில் எழுதுவது கட்டாயமில்லை என்றாலும் எழுதுவது நல்லது. பிறகு எழுதப்படவில்லை என்று வாதிட வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்கும்.

இங்கே புதிதாக ஒரு கண்ணி இருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியுடன் பதினான்கு நாள் முன்விசாரணை நடத்தலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(3) சொல்கிறது. ஐந்தாண்டு வரை தண்டனை உள்ள நம் பிரிவு இந்த வரம்புக்குள் விழுகிறது. பதினான்கு நாள் என்பது ஊரில் சாட்சிகளைக் கலைக்கப் போதுமான காலம். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 18ஏ, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது. 2018இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உறுதி செய்தது. வேறு சட்டங்களோடு முரண்பட்டால் இச்சட்டமே மேலோங்கும் என்று பிரிவு 20 கூறுகிறது. நிலைய அலுவலர் 173(3)ஐக் காட்டினால் 18ஏயையும் 20ஐயும் காட்டுங்கள்.

புகாரை வாசித்துக் காட்டாமல், பதியாமல், நகல் தராமல் வேண்டுமென்றே கடமை தவறும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்குப் பிரிவு 4இன்கீழ் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அந்தக் குற்றச்சாட்டு பதிவாகும் என்பதால் இது பெரும்பாலும் தாளில் தூங்குகிறது. விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் கீழே இருக்கக்கூடாது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 2016 திருத்தம் இந்தக் குற்றத்துக்கு நிவாரணத் தொகையைச் சொல்வதோடு, மறுக்கப்பட்ட உரிமையை மாநில அரசு மீட்டுத்தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது அந்தத் தெருவில் அந்த இளைஞர் சைக்கிளில் போகும் நாளை அரசு உறுதி செய்ய வேண்டும். இதைக் கேட்டு மனு கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தொகையோடு நாமும் நின்றுவிடுகிறோம்.

காவலரின் சட்ட அறிவு இன்னும் ஓர் இடத்தில் ஏழைகளின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 4,836 சைக்கிள் ஓட்டிகள் இறந்ததாக ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தெரிவித்தது. இருட்டில் மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனம் எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். விண்ணப்பம் வருவாய்த்துறை அலுவலரிடம் செல்கிறது. இப்படி ஒரு தொகை இருக்கிறது என்பதே தெரியாமல் கல்லூரிக்குப் போகவேண்டிய பிள்ளை ஆலைக்குப் போகிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை இட்டது. வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வாகனம் தெரியவராவிட்டால், இழப்பீடு கோரலாம் என்பதைக் காவல் அதிகாரி பாதிக்கப்பட்டோருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்ததா என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

அதே வழக்கில் 2025 அக்டோபரில் வந்த உத்தரவு இனி நடக்கப் போவதைப் பற்றியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவு 138(1ஏ), இயந்திரமில்லா வாகனங்களும் பாதசாரிகளும் பொதுஇடங்களையும் தேசிய நெடுஞ்சாலைகளையும் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த விதிகள் செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. அவ்விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிடப்பட்டது. சைக்கிளுக்கென்று முதன்முறையாக விரிவான விதிகள் வரும் வாய்ப்பு இது. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. பால் விற்றவரும் செய்தித்தாள் போட்டவரும் வீட்டுவேலைக்குச் சென்றவரும் காவலருக்கு அபராதம் கட்டினார்கள். ‘ஒழுங்குபடுத்துதல்’ என்ற சொல் தடையாக மாறுவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

இச்சட்டத்தின் பிரிவு 212இன்படி விதிகளை முன்கூட்டியே வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்ட பின்னரே இறுதி செய்ய முடியும். விதிகள் உருவாகும்போது நாம் கேட்க வேண்டியவை சில. சைக்கிளைப் பிடித்து வைக்கும் அதிகாரம் சாலைக் காவலருக்குத் தரப்படக்கூடாது. இடத்திலேயே அபராதம் கூடாது. அபராதம் விதித்தே தீர வேண்டுமென்றால் வண்டியின் வகையைச் ‘சைக்கிள்’ என்று எழுதும் கட்டம் ரசீதில் இருக்க வேண்டும், இன்னொருவரின் ஸ்கூட்டர் எண் அங்கே வரக்கூடாது. ஆலைகளுக்குச் செல்லும் சாலைகளில் சைக்கிள் ஓட்டிகளுக்கு விளக்கும் விளிம்புப் பாதையும் வேண்டும். காவலர் பயிற்சியில் பிரிவு 3(1)(இசட்.ஏ)(பி) பாடமாக வேண்டும். வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566, இலவச சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டு எண்களையும் ஆலை வாசலிலும் கல்லூரிச் சைக்கிள் நிறுத்தத்திலும் எழுதிப் போடுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.